திருப்தியுடன் மூடப்பட்டது

அச்சகத்தில் முப்பத்தோரு வருடம் பிழை திருத்திய ஒருவர், ஒரு கணினி நிறுவனத்தின் மிகத் திருப்தியான வாடிக்கையாளர் என்று மேடையேற்றப்பட்டுக் கேடயம் வாங்கினார். இதைக் கேட்டு யாரும் பொறாமைப்பட வேண்டாம். அந்தக் கௌரவத்துக்காக அவர் ஒரு துரும்பையும் கிள்ளிப் போட்டதில்லை. புகார் மட்டும்தான் செய்தார்.

அச்சகத்தில் அவரைக் கமா என்றுதான் கூப்பிடுவார்கள். ஊரே முற்றுப்புள்ளி வைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில், இவர் மட்டும் "இரு, இன்னும் கொஞ்சம் பாத்துடறேன்" என்று தாளை விட மாட்டார். ஓய்வு பெற்றும் அந்தப் பெயர் அவரை விடவில்லை.

கமாவின் மனைவி நர்சாக இருந்தவர். முப்பத்து நாலாவது வயதில் முதலில் இடது காது போயிற்று. இரண்டே வருடத்தில் வலது காதும் அதன் பின்னாலேயே கிளம்பிவிட்டது. அறுவை அறையில் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு வேலை பார்ப்பவர்கள். துணிக்குப் பின்னால் இருக்கும் உதட்டை எப்படிப் படிப்பது? ஆகவே அவரைப் பதிவறைக்கு மாற்றினார்கள். அங்கே இருபத்தைந்து வருடம் நோயாளிகளின் காய்ச்சல் அட்டைகளோடு குடித்தனம் நடத்தினார். உதடு படிப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. எதிர்ச்சாரியில் இரண்டு பேர் குசுகுசுத்தால் இந்தச் சாரியிலிருந்து பதில் சொல்வார். கமா முதுகைக் காட்டிக்கொண்டு முணுமுணுத்தாலும் தப்ப முடியாது.

"என்ன முணுமுணுப்பு? தோள் அசையுதே."

ஒரே மகள், கடல் தாண்டி வேலையில் இருந்தாள். தொலைபேசியால் அம்மாவுக்குப் பயன் இல்லை. கைபேசித் திரையிலோ உதடு கடுகளவு. அதனால்தான் கமா அகலத் திரையோடு ஒரு கணினியும், அதன் நெற்றியில் மாட்ட அதே நிறுவனத்தின் கேமரா ஒன்றும் வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி என்றால் அந்த வீட்டில் கைக்கடிகாரம்கூட நிமிர்ந்து உட்காரும். மனைவி ஒன்பதே முக்காலுக்கே தலை வாரி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, திரைக்கு முன்னால் நாற்காலியை இழுத்துவிடுவார்.

எட்டு மாதம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஒரு சனிக்கிழமை கணினி, யாரும் கேட்காமலே, தான் மேம்படுத்தப்பட்டுவிட்டதாக அறிவித்தது. மறுநாள் மகள் திரையில் வந்தாள். நலம் விசாரித்தாள். பிறகு முகத்தைச் சற்று ஒருபக்கம் திருப்பி, "அம்மா, ஒரு விஷயம் சொல்லணும். எப்படி ஆரம்பிக்கிறதுன்னு…" என்றாள்.

திரை நீலமாகிவிட்டது. வெள்ளை எழுத்தில் ஏதோ வருத்தம் தெரிவித்துவிட்டுக் கணினி படுத்துக்கொண்டது.

எழுப்ப இருபது நிமிடம் ஆயிற்று. எழுந்தது. கேமராவைப் போட்டார்கள். நாலாவது நிமிடம் மறுபடியும் நீலம். அதற்குள் மகளுக்கு வேலைக்குக் கிளம்பும் நேரம் வந்துவிட்டது. அடுத்த ஞாயிறும் அப்படியே. "அம்மா, போன வாரமே சொல்ல நினைச்சேன்…" நீலம்.

கமா மகளுக்கு மின்னஞ்சல் அனுப்பினார்: என்ன விஷயம், எழுதிவிடேன். பதில் வந்தது: "எழுதுற விஷயம் இல்லப்பா. அம்மா முகத்தைப் பாத்துச் சொல்லணும். உங்ககிட்ட போன்ல சொன்னா, நீங்க அதைத் திருத்திதான் அம்மாகிட்ட சொல்வீங்க."

கமாவால் இதை மறுக்க முடியவில்லை.

உதவி மையத்தைக் கூப்பிட்டார். ஒரு சங்கீதம் வந்தது. புல்லாங்குழல்போலத் தொடங்கி, தண்ணீர் இல்லாத குழாய்போல முடிந்து, மறுபடியும் தொடங்கியது. முப்பத்தைந்து நிமிடம் கேட்டார். மனைவி எதிரே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"நீ கொடுத்து வச்சவ" என்றார் கமா, உதடு தெரியும்படி.

பிறகு ஒரு குரல் வந்தது. "வணக்கம்! உங்கள் மகிழ்ச்சியே எங்கள் மூச்சு. நான் எண் நாற்பத்தொண்ணு பேசறேன். இன்னிக்கு நீங்க எவ்வளவு சந்தோஷமா இருக்கீங்க சார்?"

"சந்தோஷமா இல்லைங்க. கேமராவைப் போட்டா நாலாவது நிமிஷம் திரை நீலமாகி கம்ப்யூட்டர் நின்னுடுது."

"நீலம் உங்களுக்குப் பிடிக்காதா சார்?"

"பிடிக்காதுன்னு இல்லைங்க…"

"பிடிக்காதுன்னு இல்லை. குறிச்சுக்கிட்டேன். கம்ப்யூட்டருக்கு இறக்கை எத்தனை சார்?"

"இறக்கையா?"

நிறுவனம் முன்பு மின்விசிறி விற்றுக்கொண்டிருந்தது. கணினிக்கு மாறியபோது எல்லாவற்றையும் மாற்றினார்கள். புகார்ப் படிவத்தை மட்டும் மாற்றவில்லை. படிவத்தை மாற்ற ஒரு படிவம் இருந்தது. அது எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை.

"இறக்கை இல்லைங்க."

"பூஜ்யம்னா ஏத்துக்காது சார். மூணுன்னு போடறேன். சுத்தும்போது சத்தம் வருதா?"

"சுத்தலைங்க. படுத்துக்குது."

"சத்தம் இல்லை. ரொம்ப நல்லது சார்."

நீலத் திரையில் வந்த வெள்ளை எழுத்துகளை ஒரு புள்ளி விடாமல் எழுதி வைத்திருந்தார் கமா. அதைப் படித்துக் காட்டட்டுமா என்றார். அதற்குப் படிவத்தில் கட்டம் கிடையாது. கோளாறை நிறுவனத்தின் ஊழியர் தம் கண்ணால் பார்த்தால்தான் அது கோளாறு. அதுவரைக்கும் அது வாடிக்கையாளரின் மனநிலை. பார்ப்பதற்கு ஒரு வசதி செய்து வைத்திருந்தார்கள். அதற்குத் தூரக்கை என்று பெயர். அதன் வழியாக எண் நாற்பத்தொன்று, தான் இருந்த இடத்தில் இருந்தபடியே, கமாவின் கணினிக்குள் நுழைந்தார். அம்புக்குறி தானாக நகர்ந்தது. கேமராவின் விளக்கு எரிந்தது. மனைவியும் வந்து பின்னால் நின்றுகொண்டார்.

"ஒண்ணும் ஆகலையே சார்" என்றார் நாற்பத்தொன்று, மூன்றாவது நிமிடத்தில்.

"கொஞ்சம் இருங்க."

நாலாவது நிமிடம் நீலம். கணினி படுத்தது. கணினியின் வழியே வந்த தூரக்கை அதோடு அறுந்தது. தூரக்கை அறுந்ததும் தொலைபேசியும் கொர்ரென்றது. கமாவின் கைபேசியில் ஒரு செய்தி வந்து விழுந்தது:

"வாடிக்கையாளர் தாமாகவே விலகினார். தங்கள் புகார் திருப்தியுடன் மூடப்பட்டது. எங்கள் நன்றிப் பரிசாகப் புத்தம் புதிய மென்பொருள் தங்கள் கணினியில் இப்போதே நிறுவப்படுகிறது."

கமா அதை ஒரு தாளில் எழுதி, 'திருப்தியுடன்' என்ற சொல்லைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, ஓரத்தில் 'யாருடைய?' என்று கேள்வி போட்டார். பழக்க தோஷம்.

இரண்டாவது புகாரும் இப்படியே மூடப்பட்டது. மூன்றாவதில் மேற்பார்வையாளரைக் கேட்டு வாங்கிப் பேசினார். மேற்பார்வையாளர் பொறுமைசாலி. விளக்கமாகச் சொன்னார்.

"சார், ஓட்டல்ல சாப்பிட உக்காந்தவர் எழுந்து போறார். ஏன் போறார்? வயிறு நிறைஞ்சு போச்சு. நீங்களும் எழுந்து போனீங்க."

"நான் போகலைங்க. தட்டே வெடிச்சுப் போச்சு."

"தட்டு வெடிச்சதை நாங்க பாக்கலையே சார்."

"எப்படிப் பாப்பீங்க? நீங்க எட்டிப் பாத்துட்டு இருந்ததே அந்தத் தட்டு வழியாத்தானே!"

மேற்பார்வையாளர் ஏதோ தட்டச்சு செய்தார். "நல்ல கருத்து சார். பாராட்டுன்னு பதிவு பண்ணிக்கறேன்" என்றார். மூடிவிட்டார்.

ஐந்தாவது புகாரின்போது நீலத் திரையைப் புகைப்படம் எடுத்து அனுப்பினார். அதை வாடிக்கையாளர் புகைப்படப் போட்டியில் சேர்த்துக்கொண்டார்கள். ஆறுதல் பரிசு கிடைத்தது. மாத இதழின் அட்டையில் வந்தது: 'எங்கள் திரையில் நீலம், நீலமாகவே தெரியும்.' எட்டாவது புகாரில், இனிமேல் பேசிப் பயனில்லை என்று அவர்கள் திரும்பக் கூப்பிட்டபோது தொலைபேசியை எடுக்காமலே இருந்து பார்த்தார். மூன்று மணி அடித்தும் எடுக்காதவர் நிம்மதியாக இருக்கிறார் என்பது விதி. அதுவும் மூடப்பட்டது. ஒவ்வொரு மூடலுக்கும் நன்றிப் பரிசு தவறாமல் வந்து கணினிக்குள் உட்கார்ந்தது.

ஞாயிற்றுக்கிழமைகள் மட்டும் வந்துகொண்டே இருந்தன. வாரத்துக்கு நாலு நாலு எட்டு நிமிடம். மகள் தைரியத்தைத் திரட்டிக்கொண்டு வருவாள். திரட்டி முடியும்போது நீலம் வரும். மனைவி வாய் விட்டு எதுவும் கேட்கவில்லை. பதிவறையிலிருந்து கொண்டு வந்திருந்த பழைய காய்ச்சல் அட்டை ஒன்றை எடுத்துக் கோடு போட்டு, தேதி, நேரம், புகார் மூடிய நாள், கணினி படுத்த நிமிடம் என்று குறிக்க ஆரம்பித்தார். கடைசியில் ஒரு பத்தி இருந்தது. கமா எட்டிப் பார்த்தால் அதைக் கையால் மறைத்துக்கொள்வார்.

"அது என்ன?"

"அது எங்க ரெண்டு பேருக்கும் உள்ளது. நீங்க உங்க புகாரைப் பாருங்க."

கமாவுக்கு அலுத்துவிட்டது. கோபம் வந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். கோபத்துக்குத் தெம்பு வேண்டும். சங்கீதத்தைக் கேட்டுக் கேட்டு, பல் தேய்க்கும்போதுகூட அந்தத் தாளத்தில் தேய்த்தார்.

பதினேழாவது புகார் மூடப்பட்ட மறுவாரம் கடிதம் வந்தது. பதினேழு புகார்கள், பதினேழும் திருப்தியுடன் மூடப்பட்டவை. நிறுவனத்தின் வரலாற்றில் இப்படி ஒரு திருப்தியை யாரும் அடைந்ததில்லை. துணையுடன் விழாவுக்கு வருக.

"குப்பையில போடு" என்றார் கமா.

"போய்ட்டு வரலாம்" என்றார் மனைவி. "நேர்ல நின்னு பேசினா லைன் கட் ஆகாது பாருங்க."

பெரிய கூடம். முன்வரிசையில் இருவரையும் உட்கார வைத்தார்கள். பொது மேலாளர் பேசினார். அவருக்கு மேசையளவு நெற்றி. குரல் அதைவிட அகலம்.

"நண்பர்களே! போன வருடம் நமக்குப் பத்தாயிரம் புகார்கள் வந்தன. இந்த வருடம் நாற்பதாயிரம். மக்கள் நம்மை நாடி வருகிறார்கள்! ஒரு புகார்கூட நிலுவையில் இல்லை. சராசரியாக நாலே நிமிடத்தில் மூடுகிறோம். போட்டி நிறுவனத்தில் கோளாறைச் சரிசெய்ய மூன்று நாள் ஆகிறதாம். மூன்று நாள் வாடிக்கையாளரைக் காக்க வைப்பதா? நாம் அந்தப் பாவத்தைச் செய்வதில்லை. நாம் சரிசெய்வதே இல்லை!"

கைதட்டல் கூரையைத் தொட்டது. கமாவை மேடைக்கு அழைத்து, கண்ணாடியில் செய்த காது ஒன்றைக் கேடயமாகக் கொடுத்தார்கள். நாற்பது விநாடி பேசலாம் என்றார்கள்.

"என் கம்ப்யூட்டர் நாலாவது நிமிஷம் நின்னு போகுது. என் சம்சாரத்துக்குக் காது கேக்காது. பொண்ணு ஏதோ சொல்ல வரா, மூணு மாசமா…"

ஒலிபெருக்கி அணைந்தது. மறுபடியும் கைதட்டல். சட்டைப் பையில் கைபேசி நடுங்கியது. எடுத்துப் பார்த்தார். பதினெட்டாவது புகார் திருப்தியுடன் மூடப்பட்டிருந்தது.

கீழே வந்து உட்கார்ந்தார். மனைவி அவர் பக்கம் திரும்பவே இல்லை. கண் மேடையிலேயே இருந்தது. அங்கே பொது மேலாளர் திருப்தி மேலாளரின் காதோடு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கூடத்தில் ஒருவருக்குத்தான் அது கேட்டது.

வெளியே வந்ததும் மனைவி கேட்டார். "ஏங்க, டிரைவர்னா என்ன? கார் ஓட்டறவரைச் சொல்லலை. கேமரா டிரைவர்."

கமா ஒரு கணினிப் பாடநூலுக்குப் பிழை திருத்தியவர். "கேமராவுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவுல உக்காந்து, இது சொல்றதை அதுக்குப் புரிய வைக்கிற சின்ன மென்பொருள். அது உளறினா கம்ப்யூட்டர் பயந்து படுத்துடும். ஏன்?"

"பெரியவர் கேக்கறார், 'அந்தப் புது கேமரா டிரைவரை எப்பய்யா சரி பண்ணுவீங்க? பழையது ஒழுங்காத்தானே இருந்துது'ன்னு. இவர் சொல்றார், 'சரி பண்ணினா புகார் வராது சார். புகார் வரலைன்னா எதை மூடறது?' அப்புறம் சொல்றார், 'ஒவ்வொண்ணு மூடும்போதும் புதுசு தானா போய் உக்காந்துக்கும், கவலைப்படாதீங்க.' பெரியவர் அவர் தோளைத் தட்டிக் குடுக்கறார்."

கமா நடுத்தெருவில் நின்றுவிட்டார். மனைவி கைப்பையிலிருந்து காய்ச்சல் அட்டையை எடுத்து விரித்தார். புகார் மூடிய ஒவ்வொரு நாளுக்கும் அடுத்த ஞாயிறு, நாலாவது நிமிடம். கோடு பிசகவில்லை.

"நாம புகார் பண்ணப் பண்ணத்தான் வியாதி வருது" என்றார் நர்சம்மா. "மருந்தை நிறுத்துங்க."

கேமரா வந்த பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினார்கள். உள்ளே பழைய டிரைவர் அடங்கிய வட்டத்தகடும் ஒரு விளக்கப் புத்தகமும் இருந்தன. கமா புத்தகத்தில் பதினோரு பிழைகளைத் திருத்தினார். பிறகு அதில் சொன்னபடியே புதியதை நீக்கி, பழையதை ஏற்றினார். நிறுவனத்திடம் மூச்சு விடவில்லை.

ஞாயிறு காலை பத்து மணி. மகள் வந்தாள். வயது முப்பத்து நாலு ஆனாலும் திரையில் வரும்போது பள்ளிக்கூட முகம்தான். ஒரு நிமிடம், இரண்டு, மூன்று. நாலாவது நிமிடத்தில் மூவருமே பேச்சை நிறுத்தி, நீலத்துக்காகக் காத்திருந்தார்கள். நீலம் வரவில்லை.

"நிக்குதுப்பா!" என்றாள் மகள். "அம்மா… இப்போ சொல்லிடவா?"

அந்தச் சமயம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. கமா தொலைபேசியில் தெரிந்த எண்ணைப் பார்த்தார். எடுக்காவிட்டால் மூன்றாவது மணியில் எதையாவது திருப்தியுடன் மூடிவிடுவார்கள். இரண்டாவது மணியில் எடுத்தார்.

"வணக்கம்! உங்கள் மகிழ்ச்சியே எங்கள் மூச்சு. எண் நாற்பத்தொண்ணு. சார், பதினோரு நாளா நீங்க புகாரே பண்ணலை. உங்க திருப்தி குறைஞ்சுட்டதா காட்டுது. மேலிடத்துல ரொம்பக் கவலைப்படறாங்க. அதனால உங்க பேர்ல நாங்களே ஒரு புகார் திறந்து வச்சுட்டோம். மூடிடட்டுமா?"

"மூடாதீங்க!" என்று கத்திவிட்டார் கமா.

மறுமுனையில் தாள் புரளும் ஓசை. "மூட வேண்டாம்னு யாரும் சொன்னதில்லை சார். கட்டம் இல்லை."

"மேலதிகாரிகிட்ட கேளுங்க. நான் இருக்கேன்."

"லைனைக் கட் பண்ணிடாதீங்க. கட் பண்ணினா திருப்தின்னு மூடிக்கும். நடுநடுவுல, எப்பன்னு தெரியாது, ஒண்ணாம் நம்பரை அழுத்தச் சொல்லும், அழுத்துங்க. இல்லைன்னா அதுவும் திருப்திதான்."

சங்கீதம் தொடங்கியது. கமா கருவியைக் காதோடு அமுக்கிக்கொண்டார். எப்போது அழுத்தச் சொல்லும் என்று தெரியாது. இந்தக் காதை எடுக்க முடியாது. திரைப்பக்கம் திரும்பினார். மகளின் வாய் அசைந்தது. புல்லாங்குழல்தான் கேட்டது.

வாழ்க்கையில் முதல் தடவையாக, மனைவி பார்ப்பதுபோல மகளைப் பார்த்தார். மகள் முகத்தை ஒருபக்கம் திருப்பி, வலது காதை முன்னால் நீட்டியிருந்தாள். இத்தனை வாரமும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள் என்பது அப்போதுதான் உறைத்தது. அவள் கை மெல்ல மேலே போய் இடது காதைத் தொட்டது. உதடு விரிந்தது, குவிந்தது. முப்பத்தோரு வருடம் எழுத்தை மட்டுமே படித்தவருக்கு அந்த வரி எழுத்துக் கூட்டித்தான் வந்தது. ஒருமுறை தப்பாகப் படித்துவிட்டோமோ என்று திரும்பப் படித்தார். பிழை இல்லை.

'காத்திருக்கிறீர்கள் என்றால் ஒன்றை அழுத்தவும்.' அழுத்தினார்.

மனைவியின் முதுகு அசையவில்லை. பிறகு அவர் பேசினார். தன் குரலின் அளவு தெரியாதவர். சங்கீதத்தைத் தாண்டிக் கேட்டது.

"தெரியும்டி. மூணு மாசமா அந்தக் காதைத்தானே எனக்குக் காட்டிட்டு இருக்க."

காய்ச்சல் அட்டையை எடுத்துக் கேமராவுக்கு முன்னால் பிடித்தார். கடைசிப் பத்தியிலிருந்து கையை எடுத்தார். ஒவ்வொரு ஞாயிறுக்கும் நேராக ஒரே சொல்: வலது, வலது, வலது.

மகள் உடைந்துவிட்டாள்.

"அழாதடி. அழுதா உதடு கோணிக்கும், எனக்குப் புரியாது. நேரா சொல்லு. டாக்டர் என்ன சொன்னார்? எந்த டெஸ்ட்? தேதியோட சொல்லு. நான் எழுதிக்கறேன்."

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராகச் சொல்ல ஆரம்பித்தாள். மனைவி அட்டையைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் புதிதாகக் கோடு கிழித்தார்.

கால் மணி ஆயிற்று. அரை மணி ஆயிற்று. கமாவின் கை மரத்துப் போனது. காதை மாற்றலாம் என்று பார்த்தார், மாற்றுகிற நேரத்தில் அழுத்தச் சொல்லிவிட்டால்? மாற்றவில்லை. திரையில் மகள் எதற்கோ சிரித்தாள். அம்மா என்ன ஜாடை காட்டினார் என்று கமாவுக்குத் தெரியாது. அவர் முதுகை இன்னும் படிக்கப் பழகவில்லை.

சங்கீதம் நின்றது.

"சார், லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"காத்திருந்ததுக்கு மன்னிக்கணும். மேலதிகாரி இன்னும் கட்டத்தைத் தேடிட்டு இருக்கார். இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்போல. பரவாயில்லையா சார்?"

"பரவாயில்லைங்க" என்றார் கமா. "மெதுவாத் தேடட்டும்."

மறுமுனையில் எண் நாற்பத்தொன்று தொண்டையைச் செருமினார். அவருடைய வேலையில் இப்படி ஒரு பதிலை அவர் கேட்டதில்லை. என்ன செய்வது என்று தெரியாமல் சங்கீதத்தைத் திரும்பப் போட்டார்.

கமா ஒன்றை அழுத்தினார்.